கூட்டத்திற் கூவியழைக்கும் கருவிகள்



பெருங்கூட்டம் கூடிய ஓரிடத்தில் நின்று உங்கள் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்திருப்பீர்கள். வைஃபை இணைப்பைக் குறிக்கும் சின்னம் நிறைந்து நிற்கும். அலையின் வலிமைக்குக் குறைவில்லை என்று அது சொல்லும். எனினும் அனுப்பிய செய்தி போய்ச் சேராது. திறந்த பக்கம் வெறுமையாகவே கிடக்கும். சிறு வட்டமொன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். கூட்டம் கலைந்த பின் அதே கருவியை அதே இடத்தில் எடுத்துப் பார்த்தால், எல்லாம் நொடிப்பொழுதில் நடந்துவிடும். இஃது ஏன் என்று கேட்டால், “எல்லோரும் ஒரே நேரத்திற் படம் பார்க்கிறார்கள், அதனால் இணையம் நெருங்கிவிட்டது” என்று பலரும் விடை கூறுவர். அவ்விடையிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். ஒருவரும் தம் கருவியைத் தொடாது சட்டைப் பையிலே வைத்திருக்கும் வேளையிலுங்கூட அக்கருவிகள் பேசிக்கொண்டேயிருக்கின்றன. அந்தப் பேச்சே பல இடங்களில் மற்றவர்களின் வேலையைக் கெடுக்கின்றது.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று ஆசிரியனானவன். இவ்விடயத்தில் என் மனம் சென்றமைக்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், பல பாடசாலைகள் கலந்துகொண்ட வினாப் போட்டியொன்று ஒரு பொது மண்டபத்தில் நடைபெற்றது. தாளும் பேனாவும் இல்லை. பிள்ளைகள் நாற்பதின்மர் கைக்கணினிகளில் விடையெழுதி, இணைய வழியாக அனுப்ப வேண்டும். மண்டபத்தின் பின்வரிசைகளிற் பெற்றோரும் உற்றாருமாக ஏறக்குறைய நானூறு பேர் அமர்ந்திருந்தனர். முதல் நாள் வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது யாதொரு குறையும் தோன்றவில்லை.

போட்டி தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் விடைகள் போய்ச் சேருவது தடைப்படலாயிற்று. எம் பாடசாலை மாணவியொருத்தி இறுதி வினாவரை எழுதி முடித்துவிட்டாள். நேரம் முடிந்த பின் பட்டியலைப் பார்த்தால், அவளுடைய விடைகளுட் பாதிக்கு மேற்பட்டவை பதிவாகவில்லை. “நான் அனுப்பினேன் சேர், அது போகவில்லை” என்று அவள் கண் கலங்கச் சொன்னாள். அனுப்பும் பொத்தானை அழுத்த மறந்திருப்பாள் என்று நடுவர்கள் கருதினர். நானும் அவ்வாறே எண்ணி, “கவனமாக இருந்திருக்க வேண்டும், பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நான் பின்னர் மீளப்பெற வேண்டியிருந்தது. அதனை மீளப்பெறச் செய்தவர், கருவிகளைப் பழுதுபார்க்க வந்திருந்த ஓர் இளம் தொழில்நுட்பவியலாளர். அவர் தம் மடிக்கணினியில் மண்டபத்து அலைகளை அளந்து பார்த்துவிட்டு, “சேர், பிள்ளைகளின் விடைக்கு வழியில்லை. பின்னாலிருக்கிற தொலைபேசிகள் எல்லாம் வைஃபை தேடுகின்றன, நம்முடைய நிலையங்கள் அவற்றுக்குப் பதில் சொல்லியே நேரத்தைப் போக்குகின்றன” என்றார். அன்று அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் எளிய முறையிற் கூற முயல்கின்றேன்.

வைஃபை என்பது வானொலியே. நீங்கள் இப்பொழுது என் குரலைக் கேட்பதற்குத் துணைநிற்கும் அலையின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒலிபரப்பு நிலையத்துக்கென ஓர் அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதிற் பேசுபவர் ஒருவர், கேட்பவர் இலட்சக்கணக்கானோர். வைஃபையிலோ எல்லோரும் கேட்பவர், எல்லோரும் பேசுபவர். அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 1985 ஆம் ஆண்டில் 2.4 கிகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைப்பட்டைகளை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. யாரும் உள்ளே வரலாம் என்ற அந்த ஏற்பாடே வைஃபை உலகெங்கும் பரவக் காரணமாயிற்று. பொதுக்கிணற்றில் யாரும் நீர் அள்ளலாம். ஆனால் அள்ளுவோர் பெருகினால் வரிசை நீளுமன்றோ?

ஒரே அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம். இருவர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் கேட்போர்க்கு விளங்காது. இந்த இடர்ப்பாடு புதியதன்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், வெவ்வேறு தீவுகளில் இருந்தோர் ஒரே கணினியைப் பயன்படுத்துதற்கென 1971 ஆம் ஆண்டில் வானொலி வழியான வலையமைப்பொன்றை இயக்கினர். அலோஹா என்பது அதன் பெயர். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபோது அனுப்புவது, மோதினால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புவது என்பதே அதன் முறை. அவ்வாறு செய்யின் அலைவரிசையின் முழுத் திறனில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்குக்கு மேற் பயன் பெற இயலாது என்று ஏப்ரம்சன் கணித்துக் காட்டினார். அந்த எல்லையைத் தாண்டிப் பலர் பேசப் புகுந்தால், போய்ச் சேரும் செய்தி கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

வைஃபை இதனினும் நாகரிகமான முறையைக் கைக்கொள்கின்றது. பேசுமுன் அது செவிமடுக்கும். வேறொருவர் பேசினால் காத்திருக்கும். காற்று அமைதியான பின்னும் ஒரு சிறு இடைவெளி விட்டே பேசும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு கருவியும் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோற் தானே தெரிவு செய்யும். இருவர்க்கு ஒரே சீட்டு விழுந்தால் மோதல்தான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இம்முறை நன்கு நடைபெறும். நானூறு பேர் உள்ள மண்டபத்தில் ஒரே சீட்டு இருவர்க்கும் மூவர்க்கும் விழுந்துகொண்டேயிருக்கும். அன்றியும், மண்டபத்தின் ஒரு கோடியில் உள்ள கருவிக்கு மறுகோடியில் உள்ளதன் பேச்சுக் கேட்பதில்லை. காற்று அமைதியாக உள்ளதென்று இரண்டும் நம்பிப் பேச, நடுவிலிருக்கும் நிலையத்தில் இரண்டும் மோதும். கிளைன்றொக், தொபாகி என்னும் அறிஞர் இருவர் இந்த மறைந்த நிலையங்களின் சிக்கலை 1975 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இனி, தேடுதல் என்பது யாதெனப் பார்ப்போம். கையடக்கத் தொலைபேசி தான் இருக்கும் இடத்தில் எந்த வலையமைப்பு உண்டு என்பதை இரு வழிகளில் அறியலாம். ஒன்று, சும்மா செவிமடுத்துக் காத்திருத்தல். ஒவ்வொரு வைஃபை நிலையமும் செக்கனுக்கு ஏறக்குறையப் பத்துத் தடவை, “நான் இங்கிருக்கின்றேன், என் பெயர் இது” என்று அறிவித்துக்கொண்டேயிருக்கும். அதைக் கேட்டால் போதும். ஆயினும் ஒவ்வோர் அலைவரிசையிலும் பத்தில் ஒரு செக்கனுக்கு மேற் காத்திருக்க வேண்டும். மற்றது, கூவி அழைத்தல். “யாரேனும் இருக்கின்றீர்களா?” என்று ஓர் அழைப்பை விடுத்து, இருபது முப்பது மில்லிசெக்கன் காத்திருந்து, வந்த பதில்களைக் குறித்துக்கொண்டு அடுத்த அலைவரிசைக்குப் போவது. இது விரைவானது. ஆதலின் தொலைபேசிகள் பெரும்பாலும் இதனையே நாடுகின்றன. எந்த வலையமைப்பிலும் சேராத தொலைபேசி அடிக்கடி கூவும். திரை விழித்திருந்தால் இன்னும் அடிக்கடி கூவும். ஏற்கெனவே ஒன்றிற் சேர்ந்துள்ள தொலைபேசியும், இதைவிட நல்லது வேறு உண்டோ என்று இடையிடையே தேடும்.

ஒரு சிறு அழைப்பினால் என்ன கேடு வந்துவிடப்போகின்றது என்று நீங்கள் கேட்கலாம். கேடு இரண்டு வழிகளில் வருகின்றது. முதலாவது, அவ்வழைப்பும் அதற்கான பதிலும் மிகமிக மெதுவாகப் பேசப்படுகின்றன. வைஃபையின் முதலாவது நியமம் 1997 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபிட் அல்லது இரண்டு. 1999 ஆம் ஆண்டில் அது 11 ஆயிற்று. 2003 ஆம் ஆண்டில் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 54 ஆயிற்று. இன்றோ நூற்றுக்கணக்கில் ஓடுகின்றது. ஆனால் மிகப் பழைய கருவிக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, அழைப்புகளும் அறிவிப்புகளும் அந்தப் பட்டையில் வழக்கமாக 1997 ஆம் ஆண்டின் வேகத்திலேயே, செக்கனுக்கு ஒரு மெகாபிட்டாக, அனுப்பப்படுகின்றன. காற்றிலே எழுத்தின் எண்ணிக்கை பெரிதன்று. அதனைச் சொல்லி முடிக்கப் பிடிக்கும் நேரமே பெரிது. விரைந்து பேசுவோர் பலர் நிறைந்த அவையில் ஒருவர் எழுத்தெழுத்தாக நீட்டி வாசிப்பாராயின், அவர் முடிக்கும்வரை மற்றவர் அனைவரும் வாய்மூடி இருக்க வேண்டியதுதானே?

இரண்டாவது கேடு, ஓர் அழைப்புக்குப் பதில் ஒன்றன்று என்பது. பெயர் குறிப்பிடாத அழைப்பைக் கேட்ட ஒவ்வொரு நிலையமும் தனித்தனியே பதில் சொல்லும். ஒரே நிலையம் விருந்தினர்க்கு ஒரு பெயர், ஊழியர்க்கு ஒரு பெயர், அலுவலகத்துக்கு ஒரு பெயர் எனப் பல பெயர்களைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு பதில் புறப்படும். அப்பதில் கிடைத்ததென்று கேட்டவர் ஒப்புக்கொள்ளாவிடின், நிலையம் அதனை மீண்டும் மீண்டும் சொல்லும். கேட்ட தொலைபேசியோ இதற்குள் அடுத்த அலைவரிசைக்குப் போயிருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டவரை நோக்கி வீட்டார் பதில் உரைத்துக்கொண்டிருப்பது போன்றதே இது.

இதனை ஓர் உதாரணக் கணக்கினாற் பார்ப்போம். எங்கள் மண்டபத்தில் ஆறு நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து பெயர்களைத் தாங்கியது. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் நடைமுறையில் மூன்றே. அவை 1, 6, 11 என்பன. எனவே ஓர் அலைவரிசைக்கு இரண்டு நிலையங்கள், பத்துப் பெயர்கள். ஓர் அறிவிப்பு அல்லது பதில் முந்நூறு பைற் நீளம் என்று கொண்டால், செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் அதைச் சொல்லி முடிக்க ஏறக்குறைய இரண்டரை மில்லிசெக்கன் ஆகும். பத்துப் பெயர்களும் செக்கனுக்குப் பத்துத் தடவை தம்மை அறிவித்தால் 250 மில்லிசெக்கன் போய்விடும். அஃதாவது, ஒருவரும் ஒரு வேலையும் செய்யாதபோதே காற்றின் காற்பங்கு செலவாகிவிட்டது.

அடுத்து, நானூறு தொலைபேசிகளும் இருபது செக்கனுக்கு ஒரு தடவை மட்டுமே ஒவ்வோர் அலைவரிசையிலும் கூவுகின்றன என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு இருபது அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதில்கள். ஆக இருநூறு பதில்கள். அவற்றைச் சொல்லி முடிக்க 500 மில்லிசெக்கன் வேண்டும். அழைப்புகளுக்கென 20 மில்லிசெக்கனையும் சேர்த்துக் கூட்டினால் 770 மில்லிசெக்கன். ஒரு செக்கனில் முக்காற் பங்குக்கு மேல் தேடலிலும் பதிலிலும் அறிவிப்பிலும் அழிந்துபோகின்றது. மீதிப் பங்கிலேயே மோதலும், மோதியவற்றை மீள அனுப்புதலும், காத்திருத்தலும், பிள்ளைகளின் விடைகளும் அடங்க வேண்டும். அவை அடங்காமற் போனதில் வியப்பென்ன இருக்கின்றது?

இதனோடும் முடியவில்லை. மோதலினாற் செய்தி கெட்டால், பல கருவிகள் அலை வலிமை குன்றிவிட்டதென்று தவறாக எண்ணித் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் அதே செய்திக்குக் கூடிய நேரம் பிடிக்கும். நெரிசல் மேலும் மிகும். இணைப்பு நன்றாயில்லை என்று கண்ட தொலைபேசி வேறு நிலையம் தேடி மீண்டும் கூவத் தொடங்கும். தேடுதற்காகத் தன் அலைவரிசையை விட்டு விலகும் அந்தச் சிறு பொழுதில், அதற்கு வரவேண்டிய செய்தியும் காத்துக் கிடக்கும். இவ்வாறு நெரிசலே நெரிசலை வளர்க்கின்றது.

இத்தகைய நிலை எங்கள் மண்டபத்துக்கு மாத்திரம் உரியதன்று. 2010 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் தேதி, அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரில் அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், ஐபோன் 4 என்னும் புதிய தொலைபேசியைப் பேரவையொன்றின் முன் அறிமுகஞ் செய்தார். மேடையில் அவர் கையிலிருந்த கருவியில் இணையப் பக்கம் திறக்க மறுத்தது. உலகின் பெரிய நிறுவனமொன்றின் தலைவரும் அவர்தம் பொறியியலாளரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த இடம் அது. அவையிலிருந்தோர் பலர் தத்தமக்கெனக் கொண்டுவந்திருந்த சிறு வைஃபை நிலையங்கள் ஐந்நூற்றுக்கு மேல் அங்கு இயங்கிக்கொண்டிருந்தன என்று பின்னர் அவரே அவையோர்க்குத் தெரிவித்து, அவற்றை நிறுத்துமாறும் மடிக்கணினிகளைக் கீழே வைக்குமாறும் கேட்டுக்கொண்டார். அங்கு காற்றை நிரப்பியவற்றுள் அந்நிலையங்களின் அறிவிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. எங்கள் மண்டபத்திலோ தொலைபேசிகளின் அழைப்புகளும் அவற்றுக்கான பதில்களும் முன்னின்றன. மூலம் வேறாயினும் நோய் ஒன்றே. தம்மை அறிமுகஞ் செய்யும் பேச்சு மிகுந்து, வேண்டிய பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

கருவிகள் எவ்வளவு பேசுகின்றன என்பதை இலண்டன் மாநகரில் ஒரு முறை எண்ணிப் பார்த்தனர். 2016 ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் திசெம்பர் 19 வரை, நிலத்தடிப் புகையிரத நிலையங்கள் 54 இல், பயணிகளின் கருவிகள் வைஃபை இணைப்பு நாடி விடுத்த செய்திகளை அந்நகரப் போக்குவரத்து நிறுவனத்தார் பதிவு செய்தனர். பயணிகள் எவ்வழியாகச் செல்கின்றனர் என்பதை அறிவதே அவர்களது நோக்கம். நான்கு வாரங்களிற் பதிவானவை 50 கோடியே 90 இலட்சம். அவை 56 இலட்சம் கருவிகளிலிருந்து, 4 கோடியே 20 இலட்சம் பயணங்களில் எழுந்தவை. ஒரு பயணத்துக்குச் சராசரி பன்னிரண்டு பதிவுகள். தொலைபேசியைப் பையிலிருந்து வெளியே எடுக்காதவரும் அந்தக் கணக்கில் அடங்குவர்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகின்றது. கூவி அழைக்கும் கருவி, தான் யார் என்பதையும் அறிவித்துக்கொண்டே செல்கின்றது. இதே இலண்டனின் நடுப்பகுதியில் 2013 ஆம் ஆண்டில், தெருவோரக் குப்பைத் தொட்டிகளிற் பொருத்திய கருவிகள் வழிப்போக்கரின் தொலைபேசிகளை இனங்கண்டு எண்ணுவது தெரியவந்தபோது, நகர நிர்வாகம் அதனை நிறுத்துமாறு கேட்டது. 2014 ஆம் ஆண்டு தொடக்கம் அப்பிள் நிறுவனமும், தொடர்ந்து ஏனையோரும், தேடும்போது கருவி தன் உண்மையான இலக்கத்தைச் சொல்லாது பொய் இலக்கமொன்றைச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்துள்ளனர். தனிமனிதரின் மறைவைக் காக்க அது நல்லதே. ஆயினும் பெயரை மாற்றிக்கொண்டு கூவினாலும் கூவுவது கூவுவதே. காற்றில் அது பிடிக்கும் இடம் குறைவதில்லை.

இனிப் பரிகாரத்தை நோக்குவோம். வைஃபை மந்தமாயிற்று என்றவுடன் பலர் செய்வது மேலும் சில நிலையங்களை வாங்கி வைத்து, அவற்றின் வலிமையை உச்சத்துக்கு உயர்த்துவதாகும். வகுப்பிற் சத்தம் மிகுந்தபோது ஆசிரியர் நால்வரை ஒரே நேரத்தில் உரத்துப் பேசச் செய்வது போன்றது அது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. எங்கள் மண்டபத்தில் அந்த இளைஞர் செய்தவை மிகச் சில. ஐந்து பெயர்களை ஒரே பெயராகக் குறைத்தார். மிக மெதுவான வேகங்களை நிலையங்களில் தடைசெய்து, செக்கனுக்குப் பன்னிரண்டு மெகாபிட்டுக்குக் குறைந்து பேசாதபடி அமைத்தார். நிலையங்களின் அலை வலிமையைத் தாழ்த்தினார். இவற்றுள் எதற்கும் ஒரு சதமேனும் செலவாகவில்லை.

பெயரைக் குறைத்ததன் பயனை மட்டும் முன்சொன்ன கணக்கில் இட்டுப் பாருங்கள். அறிவிப்புக்கு 250 மில்லிசெக்கன் என்பது 50 ஆகும். பதிலுக்கு 500 என்பது 100 ஆகும். அழைப்புகளுக்கான 20 அப்படியே நிற்கும். முக்காற் பங்குக்கு மேல் விழுங்கிய கூட்டுத்தொகை ஆறில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடுகின்றது. வேகத்தை உயர்த்தினால் அதுவும் மேலும் சுருங்கும். நானூறு பேரும் அங்கேயே இருக்கின்றனர். அவர்தம் தொலைபேசிகள் முன்போலவே கூவுகின்றன. பதில் சொல்லும் முறை ஒன்றே மாறியது.

மிகப் பெரிய அரங்குகளை அமைப்போரும் இதே நெறியையே கைக்கொள்கின்றனர். கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா நகரில் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லீவைஸ் விளையாட்டரங்கில் ஏறக்குறைய 68,500 பேர் அமரலாம். அங்கே வைஃபை நிலையங்களுட் பலவற்றை உயரத்தில் தூக்கி வைக்காமல் ஆசனங்களின் கீழ் வைத்தனர். மனித உடல் பெரும்பாலும் நீராலானது. நீர் அந்த அலைகளை விழுங்குவது. ஆகவே அமர்ந்திருக்கும் மக்களே சுவராகி, ஒரு நிலையத்தின் குரல் தொலைவுக்குச் செல்லாது தடுக்கின்றனர். சிறிய குரலிற் பேசும் பல நிலையங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குகின்றன.

5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் அலைவரிசைகள் மிகுதி. அங்கு மிகக் குறைந்த வேகமும் ஆறு மெகாபிட். ஆதலாற் கூட்டமான இடங்களுக்கு அது மேலானது. 2020 ஆம் ஆண்டு ஏப்ரிலில் அமெரிக்கா திறந்துவிட்ட 6 கிகாஹேர்ட்ஸ் பட்டைக்கென விதிகளை வகுத்தவர்களோ பழைய அனுபவத்திலிருந்து நல்ல பாடம் கற்றுள்ளனர். அங்கே 59 அலைவரிசைகள் உண்டு. கருவிகள் எல்லாவற்றிலும் சென்று கூவலாகாது என்றும், பொதுவாகக் கூவுவதாயின் குறித்த 15 அலைவரிசைகளிலேயே, அதுவும் அளவோடு கூவ வேண்டும் என்றும் வரையறுத்தனர். தாழ்ந்த பட்டையில் உள்ள நிலையமே, “மேற்பட்டையில் இன்ன இடத்தில் என்னைக் காணலாம்” என்று முன்கூட்டிச் சொல்லிவிடவும் ஏற்பாடு செய்தனர். முகவரியைக் கொடுத்துவிட்டால் தெருத்தெருவாகக் கூவ வேண்டியதில்லையல்லவா?

நேயர்களாகிய நாமும் செய்யக்கூடியவை உள. பெருங்கூட்டத்துக்குச் செல்லும்போது, வைஃபை தேவையில்லையெனில் அதனை அமைப்புப் பகுதியிற் சென்று நிறுத்திவிடலாம். திரையின் விரைவுப் பொத்தானை அழுத்துவது சில தொலைபேசிகளில் இணைப்பைத் துண்டிக்குமேயன்றி வைஃபையை முற்றாக நிறுத்துவதில்லை. வேறு சிலவற்றில், இடமறியும் வசதிக்காக, நிறுத்திய பின்னும் தேடல் தொடர்வதுண்டு. அதனையும் தனியே நிறுத்த வழியுண்டு. முன்பு எங்கோ தங்கிய விடுதியின் வலையமைப்பு, போன ஆண்டு சென்ற கடையின் வலையமைப்பு என நினைவில் உள்ள பழைய பெயர்களை நீக்கிவிடலாம். வீட்டு வைஃபையின் பெயரை மறைத்து வைத்தல் பாதுகாப்பு என்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் அதனால் நேர்வது, மறைந்திருக்கும் அப்பெயரைச் சொல்லி நம் தொலைபேசி செல்லும் இடமெங்கும் கூவுவதாகும். மறைக்க எண்ணியதை ஊரறியச் சொல்வதாக அது முடிகின்றது. மண்டபத்துள் இருந்துகொண்டு நம் தொலைபேசியையே வைஃபை நிலையமாக மாற்றிப் பிறர்க்கு இணைப்புக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். இவற்றாற் கருவியின் பற்றரியும் சிறிது மிஞ்சும்.

ஒன்றை மிகைப்படுத்தாமற் கூறல் வேண்டும். இணையம் மந்தமாவதற்கெல்லாம் தேடலே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே செல்லும் இணைப்புக் குறுகியதாக இருக்கலாம். உண்மையாகவே பலர் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் தொலைபேசிகள் தேடுவதனால் யாதொரு பாதிப்பும் தெரியாது. புதிய கருவிகள் முன்னையவற்றிலும் அடக்கமாகத் தேடவும் பழகிவருகின்றன. ஆனால் கூட்டம் பெருகப் பெருக, ஒவ்வொருவர்க்கும் அற்பமாகத் தோன்றும் ஒன்று எல்லோர்க்கும் பெருஞ்சுமையாகின்றது. மண்டபத்தில் இருந்த பெற்றோர் நானூற்றுவரில் ஒருவரும் தவறு செய்யவில்லை. தம் பிள்ளை வெற்றிபெற வேண்டும் என்ற ஆவலுடன் அமைதியாக அமர்ந்திருந்தனர். அவர்களுடைய சட்டைப் பைகளும் கைப்பைகளுமே அப்பிள்ளைகளின் விடைகளை வழிமறித்தன.

நடுவர்கள் அந்த இளைஞரின் அளவீட்டை ஏற்று, இரண்டு வாரங்களின் பின் அதே மண்டபத்திற் போட்டியை மீண்டும் நடத்தினர். பெற்றோரைத் தொலைபேசிகளின் வைஃபையை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொண்டோம். பலர் நிறுத்தினர், சிலர் மறந்தனர். அன்று ஒரு விடையும் தவறவில்லை. எம் மாணவி நான்காம் இடத்தைப் பெற்றாள். முதற்போட்டி முடிந்த மறுநாட் காலையிலேயே நான் அவளை அழைத்து, “பிள்ளை, நீ அனுப்பியது உண்மை. போகாததற்குக் காரணம் நீயல்ல. நான் சொன்னது பிழை” என்று கூறியிருந்தேன். அவள் சிறிது நேரம் பேசாது நின்றுவிட்டு, “அப்போ காரணம் என்ன சேர்?” என்று கேட்டாள். அந்த வினாவுக்கு நான் அன்று கூறிய விடையையே இன்று சற்று விரித்து உங்களுக்கும் கூறினேன்.

பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பரீட்சையும் விண்ணப்பமும் பதிவும் இணைய வழியாக நடைபெறும் காலம் இது. ஒருவர் அனுப்பியது வந்து சேரவில்லையெனில், அவரது கவனக்குறைவே காரணம் என்று முடிவுசெய்யுமுன் காற்றையும் ஒருமுறை அளந்து பார்ப்பது பொறுப்பிலுள்ளோர் கடமையாகும். கூட்டத்தில் நிற்கும் நாமோ, நம் பைக்குள் இருக்கும் கருவியின் கூவலைச் சிறிது அடக்கி வைத்தால், பேச வேண்டியவர் பேசுதற்கு வழி பிறக்கும்.